மாமனுக்கு ஆகாத பிள்ளை

4 ஒக்டோபர் 1987, ஞாயிறு இரவு

பேஸ்போல் சீசனின் கடைசி ஆட்டத்திலும் டிட்ரோயிட் அணியிடம் தோற்றுவிட்டோம். மகள் பிறந்து ஒரு கிழமை. அன்றிலிருந்து எங்கள் ஊர் அணி ஒன்றிலும் வெல்லவில்லை. அண்ணா ரீவியை நிறுத்திவிட்டுத் தொட்டிலைப் பார்த்தார்.

"கொடி சுத்திப் பிறந்தால் மாமனுக்கு ஆகாதெண்டு சும்மாவே சொன்னவை? என்ர சீசனையே முடிச்சுப்போட்டாள்."

பிள்ளையின் அப்பா, இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தத் தொப்புள்கொடி அவள் கழுத்தை இறுக்கிய நேரம் இரண்டு பேரும் அங்கே இல்லை. மூச்சு வருகிறதா என்று நான் இன்னும் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

முப்பத்தோராம் நாள் மொட்டை அடித்ததும் பிள்ளைக்குத் தலை குளிரும். எங்களைத் தோற்கடித்த டிட்ரோயிட் அணியின் தொப்பியைப் போட்டு அண்ணாவின் மடியில் கிடத்துவேன். வந்த சனம் எல்லாம் பார்க்க மாமன் கொஞ்சட்டும். அந்தத் தொப்பியைக் கடை கடையாகத் தேடி வாங்கி வரப்போவது இவர்தான்.