பல்லின் முதுகுக்குப் பாலிஷ்

மார்ச் 3

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பட்டறையில் நான் அடித்த கிண்டலுக்கு நானே சிரித்ததில், கட்டிய முன்பல் பறந்துபோய் முதலாளியின் டீயில் விழுந்தது. கரண்டியால் எடுத்துக் கொடுத்தார். சிரிக்கவில்லை. மனுஷன் எதற்குத்தான் சிரிப்பாரோ.

அந்தப் பல்லுக்குப் பின்னால் இரண்டு உலோக இறக்கை. அவைதான் பக்கத்துப் பற்களின் முதுகில் பசையால் ஒட்டி நிற்க வேண்டும். நின்றால்தானே! இது இரண்டாம் தடவை.

மார்ச் 5

டாக்டரம்மா சின்னப் பெண். பசையையும் மாற்றிப் பார்த்தாயிற்றாம். "என் கைதான் சரியில்ல போல" என்றார். முகம் வாடிவிட்டது. கிண்டல் பண்ண வாய் வரவில்லை. வாயில் பல்லும் இல்லை.

பல் செய்யும் இடத்துக்கு மறுபடி அனுப்புகிறார். அது எங்கள் பாத்திரப் பட்டறைக்கு எதிரில். முன்பு போலவே நானே வாங்கி வருகிறேன் என்றேன்.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வருகிறானாம். அவன் தலையில் முடி கொட்டத் தொடங்கியதிலிருந்து நான் அவனை விட்டதில்லை. அவன் மண்டையைப் பார்த்தே தலை வாரிக்கொள்ளலாம் என்பேன். இப்போது ஓட்டை வாயோடு அவன் எதிரில் உட்காருவதா?

மனைவியிடம் புலம்பினேன். "வாயை மூடிக்கிட்டே இருங்களேன், எல்லாருக்கும் நல்லது" என்றாள்.

மார்ச் 10

பல் கிடைத்தது. இறக்கையின் உள்பக்கம் வழக்கம்போல மங்கல். இப்படி அரைகுறையாகவா கொடுப்பார்கள்? டம்ளரின் அடியில்கூட முகம் தெரியத் தேய்ப்பவன் நான். பாலிஷ் சக்கரத்தில் லேசாகக் காட்டினேன். என்ன மினுமினுப்பு!

மார்ச் 11

டாக்டரம்மா விளக்கடியில் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன் இப்படி மின்னுது?"

"நான்தான் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் நான்தான்."

கையிலிருந்ததைக் கீழே வைத்தார். பல் செய்யும் இடத்தில் அந்த உள்பக்கத்தின்மேல் பொடி மணலை வேகமாக அடித்து, வேண்டுமென்றே சொரசொரப்பாக்கி அனுப்புகிறார்களாம். அதன்மேல் ஒரு திரவம் தடவினால்தான் பசை உலோகத்தைப் பிடிக்குமாம். என் பாலிஷில் ஈ உட்கார்ந்தாலே வழுக்கும்.

"அப்போ என் கைமேல தப்பில்லையா?"

இல்லை என்றேன். அய்யோ பாவம், தன் கையையே சந்தேகப்பட்டு எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததோ அந்தப் பொண்ணு. நான் ஒரு மடையன் — மடையன்தான்.

மார்ச் 13

மறுபடி மணல் அடித்து ஒட்டியாயிற்று. இந்தத் தடவை பல்லை என் கையில் கொடுக்கவே இல்லை.

மார்ச் 15

மச்சினன் வந்தான். பழைய பாக்கியையும் சேர்த்துச் சிரித்தேன். பல் அசையவில்லை. ஆப்பிளை நறுக்கித் தரவா என்றாள் மனைவி. வேண்டாம் என்று முழுசாகக் கடித்தேன். கட்டிய பல் கல் மாதிரி நின்றது. அதற்கு நேர் கீழே இருந்த என் சொந்தப் பல் ஆப்பிளோடு போய்விட்டது. மச்சினன் தட்டில் வைத்துக் கொடுத்தான்.

டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். பல்லைப் பாலில் போட்டு எடுத்து வரச் சொன்னார். தேய்க்க வேண்டாம் என்றார்.