சலவை அறைப் பூட்டு

ஹென்னிங்,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. சூடாக்கி தில்டாவுக்கும் கொடு. நான் வர ஏழாகும்.

மால்மோ நகரத்தில் உனக்குக் கிடைத்த வேலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றாய். காலையில் கீழ்வீட்டு குன்வோர் படியில் மறித்துக் கேட்டாள்: "ஜூன்லேர்ந்து உங்க ஞாயித்துக்கிழமை சலவை நேரம் எனக்குத்தானாமே? உன் வீட்டுக்காரர் சொன்னாரு." தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். பதினோரு வருஷமாக நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்காத நேரம்.

குடியிருப்பின் பொதுச் சலவை அறை முன்பதிவுப் பலகையில், ஜூன் மாத முதல் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் நம் பூட்டைப் போட்டுவிட்டேன்; அது தொங்கும்வரை அந்த நேரத்தை வேறு யாரும் எடுக்க முடியாது. சாவி என் பையில். எடுக்க வேண்டுமென்றால் என்னிடம் கேள், காரணத்தோடு.

இல்வா

பி.கு.: நேற்று தில்டா, "நம்ம ஊர் மாதிரி மால்மோலயும் பனி விழுமாம்மா?" என்றாள். அவளுக்குமா தெரியும்?