பேட்டரியிலிருந்து வரும் சின்னக் கம்பி

ஜூன் 3, செவ்வாய்

வேன் இன்று பள்ளி வாசலிலேயே படுத்துவிட்டது. உள்ளே பதினோரு வாண்டுகளும் "தள்ளு, தள்ளு!" என்று ஒரே கூச்சல். பானெட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி கொதித்து வழிந்திருக்கிறது. ஆறு வாரத்தில் இது இரண்டாவது பேட்டரி.

தலைமையாசிரியை மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பார்த்துக்கறோம்மா. பிள்ளைங்க விஷயம்." இந்த வேன்தான் என் சோறு.

அண்ணன் வந்து பார்த்தான். "ரெகுலேட்டர் போச்சு, மாத்திடறேன். பேசாம இதை வித்துத் தொலை." அவன் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

புது ரெகுலேட்டர் போட்டுக் கொடுத்துவிட்டான். அப்பாடா.

ஜூன் 9, திங்கள்

எங்கே அப்பாடா! ஹெட்லைட் இரண்டும் ஒரே நாளில் போயின. மீட்டர் ஒன்று வாங்கிவந்து பேட்டரியில் வைத்தேன். எஞ்சின் ஓடும்போது பதினாலு சொச்சம் வோல்ட் இருக்க வேண்டும். பதினைந்தரை காட்டியது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்டை அளவோடு பிடித்து நிறுத்துவதுதானே ரெகுலேட்டரின் ஒரே வேலை? புதுசு அதைச் செய்யவில்லை என்றால்?

"அந்த மீட்டர் டூப்பு. உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றான் அண்ணன்.

சாப்பிடும்போது அண்ணி பெருமூச்சு விட்டாள். "நீ வீட்டோட இருந்தா அத்தையப் பார்த்துக்கலாம். எனக்கு முடியல." அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. கண்ணயர்ந்தால் தெருவில் நிற்கிறாள். அண்ணி பாடு திண்டாட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக வேலையை விடுவதா? அண்ணன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான்.

ஜூன் 14, சனி

அண்ணன் வெளியே போயிருந்தான். இன்னொரு ரெகுலேட்டர் வாங்கி நானே மாற்றினேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். பிறகு ஆல்டர்னேட்டரின் பின்மூடி, மூன்று திருகு. புது ரெகுலேட்டரோடு வரும் கார்பன் பிரஷ் இரண்டும் ஸ்பிரிங் தள்ளி வெளியே துள்ளிக்கொண்டே இருந்தன. ஒரு ஊக்கை நுழைத்துப் பிடித்து, உட்காரவைத்த பிறகு உருவினேன். விரல் தோல் உரிந்தது. பெருமை தாங்கவில்லை.

மீட்டர் வைத்தேன். அதே பதினைந்தரை.

அப்படியானால் கோளாறு ரெகுலேட்டரில் இல்லை. உதிரிபாகக் கடைக்காரருக்கு போன் போட்டேன். "பேட்டரிலேர்ந்து ரெகுலேட்டருக்கு ஒரு சின்னக் கம்பி வரும்மா. அது வழியாத்தான் பேட்டரில எவ்வளவு இருக்குன்னு அது பார்க்கும். அதைத் தடவிப் பாருங்க."

தடவினேன். டேப்புக்கு அடியில் ஒரு புடைப்பு. அறுத்துப் பார்த்தால் இரண்டு டயோடு, வரிசையாக, சுத்தமாகப் பற்றவைத்து. ஒவ்வொன்றும் அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். பேட்டரி நிறைந்திருந்தாலும் ரெகுலேட்டருக்குக் குறைவாகத் தெரியும். அது இன்னும் கொடு, இன்னும் கொடு என்று திறந்துவிடும். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வண்டியில் அண்ணனைத் தவிர யாரும் கைவைத்தது கிடையாது.

ஐயோ. என் கூடப் பிறந்தவன். ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்தவனே அவன்தானே. கழுத்தறுத்துட்டானே. ஏன்? நான் என்ன பண்ணேன் அவனுக்கு?

ஜூன் 15, ஞாயிறு

டயோடு இரண்டையும் அண்ணன் தட்டுக்கு முன்னால் வைத்தேன். மறுக்கக்கூட இல்லை.

"சொன்னா கேட்டிருப்பியா? வண்டி போனாத்தான் நீ வீட்டுல இருப்ப. அம்மாவ யாரு பார்க்கிறது?"

"நேரா ஒரு தடவை கேட்டியா? பிள்ளைங்க ஏறுற வண்டிடா! நடுரோட்டுல நின்னிருந்தா? தீப்பிடிச்சிருந்தா?" வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை டா போட்டேன்.

"அவ்வளவு தூரம் போகாது. கணக்குப் பண்ணித்தான் ரெண்டோட நிறுத்தினேன்."

மூன்று போடாத கருணை! அண்ணி அந்த டயோடுகளை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவன்தான் என்னவோ நியாயம் பேசிவிட்டவன் மாதிரி எழுந்து கைகழுவப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 16, திங்கள்

கம்பியை நேராக இணைத்துவிட்டு மீட்டர் வைத்தேன்: பதினாலே கால். பார்த்துவிட்டு அழுதேன்.

ஜூன் 28, சனி

பள்ளிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பார்த்து வந்தாயிற்று. அம்மாவும் என்னோடு. "வண்டில உங்க பக்கத்திலயே உட்காரட்டும்" என்று தலைமையாசிரியை அனுமதி கொடுத்துவிட்டார். அண்ணி மட்டும் துணிமூட்டையைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் தலைகாட்டவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அம்மா முன்சீட்டில் மகாராணி மாதிரி வருகிறாள். வாண்டுகள் தினமும் அவளிடம் பெயர் சொல்கின்றன. அவள் தினமும் புதிதாகக் கேட்டுக்கொள்கிறாள்.

இன்று அண்ணன் பட்டறை வழியாகப் போக வேண்டியதாயிற்று. அவன் வாசலில் நின்றிருந்தான். வேனைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "யாருடி அது, நம்மளப் பார்த்துக் கை காட்டுறது?"

"எலெக்ட்ரீஷியன்மா. முன்னாடி நம்ம வண்டியப் பார்த்தவர்."