முள்ளு பொய் சொல்லுது

ஜூன் 3

அண்ணா,

நம்பரை மாத்திட்டா தப்பிச்சிடலாம்னு நினைச்சியா? உன் ஃப்ரெண்டைக் கெஞ்சி அட்ரஸ் வாங்கிட்டேன். பேனா புடிச்சு ரொம்ப நாளாச்சு, கையெழுத்தைக் கிண்டல் பண்ணாதே.

அப்பா நம்ம பழைய காரை மாசக் கடைசில இரும்புக்கடைக்கு அனுப்பப் போறாராம். "ஆயில் பிரஷர் முள்ளு பூஜ்யத்துல கிடக்க, நாப்பது கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைக் கொன்னுட்டான்"னு ரெண்டு வருஷமா அதே பாட்டு. எனக்கு நம்பிக்கை இல்ல. பிரஷரே இல்லாம அவ்வளவு தூரம் ஓடியிருந்தா இன்ஜின் இறுகியிருக்கணும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன், வெண்ணெய் மாதிரி சுத்துது! நான் பார்த்த பதினோரு வீடியோவும் ஒரே குரல்ல சொல்லுது: முதல்ல மீட்டரைச் சந்தேகப்படு. நான் விடப்போறதில்ல.

அன்னிக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா? சீக்கிரம் எழுது.

உன் வாலு

ஜூன் 8

வாலு,

சத்தமே இல்ல. பாதி வழியிலதான் முள்ளைப் பார்த்தேன். வண்டி சாதாரணமாத்தான் ஓடுச்சு. வீட்டுக்கு வந்து அதைத்தான் சொன்னேன். அப்பா "பொய் சொல்லாதே"ன்னாரு. நான் வீட்டை விட்டுக் கிளம்பினது அந்த வார்த்தைக்காகத்தான், காருக்காக இல்ல.

விட்டுடு. தலைமுடியை இன்ஜின் பெல்ட்ல மாட்டிக்காதே.

அண்ணன்

ஜூன் 14

அண்ணா அண்ணா அண்ணா!

விடலை! புது ஆயில், எதிர்வீட்டு டாக்ஸிக்காரரோட பேட்டரி. ஸ்டார்ட் ஆச்சு! முள்ளு மட்டும் பூஜ்யம். உடனே நிறுத்தினேன். இன்ஜின்ல திருகியிருக்கிற ஆயில் பிரஷர் சென்சாரோட ஒயரைக் கழட்டி, சாவியைப் போட்டு, அந்த ஒயரை இன்ஜின் இரும்புல தொட்டேன். முள்ளு துள்ளிக்கிட்டு கடைசிக்கே போச்சு! அப்போ மீட்டர் ஓகே, ஒயர் ஓகே. அப்புறம் சென்சாரைக் கழட்டிட்டு அங்க இரவல் டெஸ்ட் மீட்டரை மாட்டி ஓட்டினேன். பிரஷர் கும்முனு இருக்கு. நீ எதையும் கொல்லலை!

சென்சாரோட திருகு மரையைப் பார்த்தா, தண்ணிக் குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப், உடைஞ்ச விரலுக்குப் போட்ட கட்டு மாதிரி அவ்வளவு தடிமனா. அந்த மரை வழியாத்தான் அதுக்கு எர்த்து கிடைக்கணும். டேப் அதைத் தடுத்துடுச்சு. பிரிச்சுட்டு மாட்டினேன், முள்ளு ஏறிடுச்சு.

நீ வண்டியை எடுக்கிறதுக்கு முந்தின நாள், ஆயில் கசியுதுன்னு அடியில படுத்துக் கிடந்தது யாரு? அப்பா.

வாலு

ஜூன் 19

வாலு,

நாலு தடவை படிச்சேன். கெட்டிக்காரிதான் நீ.

டேப் விஷயத்தை மட்டும் அவர்கிட்ட சொல்லாதே. சென்சார் தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. அவர் எதையும் அரைகுறையாச் செய்யறவர் இல்ல, தாங்கமாட்டாரு. கார் பிழைச்சா போதும். கெட்ட பேரு எனக்குப் பழகிடுச்சு.

அண்ணன்

ஜூன் 24

அண்ணா,

எனக்குப் பழகலை. உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். முன்னாடியே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன், திட்டிக்கோ.

வண்டியை ஓடவிட்டு, அவரை உள்ள உட்காரவச்சு, முள்ளைக் காட்டினேன். டேப்பைக் கையில குடுத்தேன். "கசியக் கூடாதுன்னுதானே..."ன்னு ஆரம்பிச்சவர் பாதியில நிறுத்திட்டாரு. இறங்கவும் இல்ல, இன்ஜினை நிறுத்தவும் இல்ல. "பெட்ரோல் தீரப்போகுதுப்பா"ன்னு நான்தான் சாவியைத் திருப்பினேன்.

இரும்புக்கடைக்கு அவரே போன் பண்ணி வர வேண்டாம்னுட்டாரு. அப்புறம் என்கிட்ட வந்து, "அவன் அட்ரஸ் உன்கிட்ட இருக்கா?"ன்னாரு. இருக்குன்னேன். ஆனா குடுக்கலை. நீ சொன்னாத்தான் குடுப்பேன்னு சொல்லிட்டேன். கோபப்படுவாருன்னு பார்த்தா, "ஆமா, அவனைக் கேட்டுட்டே குடு"ன்னாரு.

இப்போ தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நின்னு கார் கண்ணாடியைத் துடைக்கிறாரு. கண்ணாடி எப்பவோ பளபளன்னு ஆயிடுச்சு.

ஒரு வார்த்தை எழுதுண்ணா.

வாலு