நீ சொல்லாமல் போன கடவுச்சொல்

அவரைப் பந்தலில் குருவி விரட்டக் கட்டியிருந்த சீடி ஒன்று இன்று காலை காற்றில் திரும்பியது. அதில் உன் கையெழுத்து. 'லினக்ஸ் – எல்லாருக்கும்.' என் வீட்டுக்காரர் அலமாரியில் கிடந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார். அவருக்கென்ன தெரியும்.

ஹல்துமுல்லையிலிருந்து பஸ் ஏறி, பதுளையில் ஒரே வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் நாம். தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில், அதை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் இருந்த இந்த சீடியைப் போட்டது நீதான். பிள்ளைகள் முண்டியடித்து நின்றார்கள். சீடியிலிருந்தே ஓடிய திரையைக் காட்டிவிட்டு, பிறகு உள்ளே பதித்தாய். எழுத, படம் வரைய, கணக்குப் போட எல்லாம் கூடவே வந்தது. வைரஸ் பயம் இல்லை. ஒவ்வொருவர் கோப்பும் அவரவர் பெயரில் தனியாக இருக்கும்.

"இது நம்ம சாமான்டி. பிரதி எடுத்து யாருக்கும் குடுக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு தொறந்தும் பாக்கலாம். ஒளிவுமறைவே கெடையாது."

ஆனால் புதிதாக எதைச் சேர்த்தாலும் மாற்றினாலும் அது ஒரு கடவுச்சொல் கேட்கும். அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

"எனக்கும் சொல்லேன்டி."

"நீ பயந்தாங்கொள்ளி. பதட்டத்துல எதையாச்சும் அழிச்சிருவ."

சிரித்தேன். அப்போது அது கேலியாகத்தான் இருந்தது.

பிறகு கொழும்பில் ட்ரெயினிங் என்று போனாய். அந்த நேரம் பார்த்து, பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் பயனர் கணக்குகள் திறக்காமல் நின்றுவிட்டன. சரிசெய்ய உன் கடவுச்சொல் வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று, "ஓடாத பொட்டிக்கு ஒரு ரூமா? வர்ற வாரம் இங்க உர மூட்டை அடுக்கப் போறேன், பாத்துக்கங்க" என்றார். உனக்குப் போன் செய்தேன்.

"நானே வந்து போட்டுத் தாறேன்டி. அடுத்த கிழமை வந்திருவேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அதைச் சொன்னாய். ட்ரெயினிங் எதுவும் இல்லை, அடுத்த கிழமையும் இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு அது உன் உடலைக் கொண்டுவந்து இறக்கிய வேனின் வாசலில்தான் தெரிந்தது. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்கிட்டயாச்சும் சொல்லியிருப்பாள்னு நெனச்சேனே" என்று அழுதார்.

உன் அடக்கம் முடிந்த மறுநாள், உர மூட்டைக்கு முந்திக்கொள்ள, இந்த சீடியைப் போட்டுப் புதிதாகப் பதித்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. வேறு வழி தெரியாமல் சம்மதித்தேன். நீ சேர்த்த பாட்டுகள், தீபாவளிக்கு எல்ல ஊருக்குப் போய் நாம் எடுத்த படங்கள், உன் பெயரில் இருந்த அத்தனையும் போனது. கம்ப்யூட்டர் ஓடியது. அறை தப்பியது.

பண்டாரவளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என்னோடு வேலை செய்த ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: கடவுச்சொல் தெரியாவிட்டாலும் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சீடியிலிருந்தே ஓட்டி, உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எதையும் அழித்திருக்க வேண்டியதில்லை.

அன்று கழிவறைக்குள் போய் அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். ஒளிவுமறைவே கிடையாது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் எனக்கு மட்டும் இரண்டு கதவுகளைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாய். நோயைச் சொல்லியிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். கடவுச்சொல்லைச் சொல்லியிருந்தால் உன் சிரிப்பு ஒரு படத்திலாவது மிஞ்சியிருக்கும். உன்னை என் கையாலேயே அழிக்க வைத்தாயே.

அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. என் வீட்டிலும் அதே லினக்ஸ்தான். தலைவலி வந்தால்கூட இப்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். முதலாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு தட்டுகிறாள்.

"மெதுவா சொல்லு பாப்பா" என்று வாய்வரை வரும். சொல்வதில்லை. கத்தட்டும்.