‘போறேன்’ என்று ஒரு வசனம்

ஃப்ளெக்ஸ் மெஷினிலிருந்து புது பேனர் இறங்கும்போது பெயின்ட் கடையைத் திறந்துவிட்டதுபோல் ஒரு வாடை வரும். உனக்கு அது ஆகாது. என் கடைக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பாய். இன்று காலை யாருடையதோ கண்ணீர் அஞ்சலி பேனர் இறங்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா போன் செய்தார்.

"தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஒரு படத்துக்காவ அடிச்சிக்கிட்டு கெடந்தீங்களே, அது இப்ப போன்லயே வருதாமுல்ல. வந்து போட்டுக் காட்டுறியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்க்க எனக்குப் பயம். ஏன் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீதான். ஜவுளிக்கடையில் உனக்கு மாதம் ஒரு நாள் லீவு. அதை இதற்குச் செலவழித்தாய். பெரம்பலூரில் மதியக் காட்சி. முப்பது பேர் இருந்திருப்போம். வெளிநாட்டு விருது, குடும்பச் சித்திரம் என்று போஸ்டரில் பார்த்துவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள் பாதிப் பேர். படத்தில் ஒரு பழைய பெரிய வீடு. மூன்று பிள்ளைகள் அதைப் பங்கு பிரிக்க வருகிறார்கள். அப்பா பேசுவதையே நிறுத்திவிடுகிறார். காலம் என்றால் என்ன, பிள்ளை என்றால் யார் என்று ஒரு குரல் நடுநடுவே கேட்கிறது. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

ஒரு காலி நாற்காலியை அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். பின்னால் ஒருவர், "ஆப்பரேட்டரு, படம் நின்னு போச்சு பாருங்க" என்று கத்தினார். விசில் பறந்தது. ஆப்பரேட்டர் உள்ளேயே வந்துவிட்டார். "நிக்கலங்க, ஓடிக்கிட்டுதான் இருக்கு. செவுத்துல அந்தப் பல்லி நகருது பாருங்க." தியேட்டரே பல்லியைப் பார்த்துக் கைதட்டியது. நீயும் சிரித்தாய். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது அந்த அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவ்வளவு நேரம் வாய் திறக்காதவர் ஒரே ஒரு சொல் சொல்கிறார்: "போறேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயக் கழுவுய்யா. போயிட்டு வரேன்னு சொல்லு" என்று எழுந்து திரையைப் பார்த்து அதட்டியது. எல்லோரும் சிரித்தோம், உன்னைத் தவிர.

வெளியே டீக்கடையில் ஆரம்பித்தது சண்டை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் எப்படிச் சொல்லிக்கொள்வான் என்றுகூடத் தெரியாத பயல் எடுத்த படம் என்றேன் நான். "தெரிஞ்சுதான்டா வச்சிருக்கான். அந்தம்மா எந்திரிச்சு வஞ்சுச்சுல்ல, அதான்டா படம்" என்றாய் நீ. பங்கு பிரிக்க வீடு இருக்கிறவனுக்குத்தான் வீட்டைப் பற்றித் தத்துவம் வரும். ஒழுகுகிற தொகுப்பு வீட்டில் எதைப் பிரிப்பது, ஓட்டையையா என்று கேட்டேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "வூடு இல்லாதவனுக்கும் அப்பன் உண்டுல்ல மாப்ள" என்றாய். உன் அப்பா உன் சின்ன வயதிலேயே திருப்பூருக்குப் போனவர். திரும்பவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் விடவில்லை.

அன்றைக்கே ஃபேஸ்புக்கில் எழுதினேன். ‘மூன்று மணி நேரக் கொட்டாவி’ என்று தலைப்பு. நீ கீழே மறுத்து எழுதினாய். நம் இரண்டு பேருக்குள் முடிந்திருக்க வேண்டியதில் ஊரே புகுந்தது. பட்டிக்காட்டானுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று ஒரு கூட்டம் என்னைத் திட்டியது. ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவனுக்குத் தத்துவம் ஒரு கேடா என்று இன்னொரு கூட்டம் உன்னைத் திட்டியது. எல்லாவற்றையும் படித்துவிட்டு நீ சொன்னாய்: "ரெண்டு பக்கமும் நம்மளத்தான்டா திட்றானுவ."

அதன் பிறகு அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது வேண்டுமென்றே "போறேன்" என்பாய். நான் "வாயக் கழுவு" என்பேன். நாலு மாதம் இப்படியே போனது.

அன்று மாதாந்திர மின்தடை. உங்கள் கடையை மதியமே அடைத்துவிட்டார்கள். என் மெஷினும் ஓடவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் பேசினாய். பிறகு "போறேன்டா" என்றாய். நான் போனில் எவனோ ஒருவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வாயைக் கழுவச் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது நீ இல்லை.

எனக்கு இந்தச் சாத்திர சம்பிரதாயத்தில் நம்பிக்கை இல்லை. சொல் யாரையும் கொல்லாது. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு அரியலூர் ரோட்டில் பறக்கிற டிப்பர் கொல்லும். ஒரு நாளைக்கு இத்தனை நடை அடித்தே ஆகவேண்டும் என்று அந்த டிரைவரை விரட்டுகிறவன் கொல்வான். அவன் பெயர் எந்த வழக்கிலும் வராது. நியாயம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தோம். அதிகாரிகள் வந்து பேசினார்கள். வெயில் சாயும் முன்பே லாரிகள் உன் ரத்தத்தின் மேல் ஓடத் தொடங்கிவிட்டன. பிறகு அங்கே ஒரு வேகத்தடை போட்டார்கள். அதற்கு இன்னும் வெள்ளைக் கோடு அடிக்கவில்லை. போன மாதம் அதிலேயே ஏறி ஒருவர் விழுந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "கடசியா ஓங்கிட்டதான பேசுனான். என்னா சொல்லிட்டுக் கெளம்புனான்?"

"போயிட்டு வரேன்னு சொன்னான்மா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. உன்னைக் கீழப்பழுவூரில் உன் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தபோது உன் அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுதார். "போயிட்டு வரேன்னு சொன்ன புள்ள, போன எடம் சொல்லலியே" என்று அவர் இழுக்க, கட்டிப்பிடித்திருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். பதினாறாம் நாள் பேனருக்கு உன் சித்தப்பா என்னிடம்தான் வந்தார். "அண்ணி சொல்லி அழுவுதுல்ல, அதையே போட்டுடு தம்பி" என்றார். நானே டைப் அடித்தேன். எட்டடி பேனரில் உன் போட்டோவுக்குக் கீழே, சிவப்பு எழுத்தில், என் பொய். கொட்டாவி என்று எழுதத் தெரிந்தவனுக்கு அதை வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

இன்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். போனைச் சொம்பில் சாய்த்துவைத்துப் படத்தைப் போட்டேன். உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி வந்தபோது நகரவில்லை. நின்றுபோச்சா என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்தப் பொம்பள எல்லாத்துக்கும் சோறு போடுதே, அது ஒரு வாய் திங்கறத எங்கயாச்சும் காட்னானா?" நீயும் நானும் அத்தனை நாள் அடித்துக்கொண்டோமே, நம் இருவரில் ஒருவன்கூட படத்தில் இருந்த அந்த அம்மாவைக் கவனிக்கவில்லை.

அந்த இடம் நெருங்கியது. விரலால் தள்ளிவிடப் பார்த்தேன்.

"ஏன் ஓட்டுற? அவன் முழுசாதான பாத்தான்?" என்று என் கையை விலக்கினார். படத்தில் அந்த ஆள் செருப்பை மாட்டினான். சொன்னான்.

உன் அம்மா கையைக் காட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இதப் பாத்துட்டுதான் தெனம் அப்படிச் சொன்னானா கழுத. காலைல வண்டிய எடுக்கறப்ப ‘போறேம்மா’ம்பான். நானும் வைவேன். அன்னிக்கும் அப்படித்தான் சொன்னான். அடுப்புல வேல, வையக்கூட இல்ல. அது நெஞ்ச அறுத்துக்கிட்டே கெடந்துச்சு. ஓங்கிட்டயாவது சரியாச் சொல்லிட்டுப் போனானேன்னுதான் இருக்கேன்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படித்தான தம்பி சொன்னான்?"

"ஆமாம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னது வாய் தவறி வந்தது. இன்று தெரிந்தே சொன்னேன். இனி அவர் கேட்கும்போதெல்லாம் சொல்வேன். உன்னைப் பற்றி என்னிடம் இருக்கும் உண்மை ஒன்றே ஒன்று. அதை இறக்கிவைக்க ஊரில் ஒரு இடம் இல்லை.

"செரி, மிச்சத்தப் போடு" என்றார். போட்டேன்.