துரை வீட்டு நாய்க்குட்டி

1937 ஐப்பசி, செவ்வாய் இரவு. வெள்ளவத்தை.

நித்திரை வரவில்லை. ஒரு நாய்க்குட்டியின் முகத்தில் விழிக்க வெட்கமாயிருக்கிறது.

நான் கிளார்க் வேலை பார்க்கும் கந்தோரில் வெள்ளைக்காரத் துரை தந்த குட்டி. அது படுக்கவென்று ஒரு தேயிலைப் பெட்டியைப் பக்கவாட்டில் சரித்து, கம்பிக் கதவு போட்டு வைத்தேன். உள்ளே போக மறுத்தது. துரை வீட்டில் பிறந்ததற்குத் தமிழ் விளங்காது என்று நினைத்து இங்கிலீஷில் அதட்டினேன். "கெட் இன், ஸ்டுபிட் ஃபெலோ!" பிறகு கழுத்தைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். பயத்தில் பெட்டிக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள்.

"என்னப்பா இது? வெள்ளைக்காரன் கூலியை ஏசுற மாதிரியெல்லோ கத்துறியள்!"

இன்று காலை துரை எல்லோர் முன்னாலும் என்னை ஏசியதும் அதே 'ஸ்டுபிட் ஃபெலோ'தான். அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அவள் பெட்டியைத் துடைத்துத் தன் பழஞ்சேலையை விரித்தாள். ஒரு மீன் துண்டை உள்ளே வைத்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தாள்.

"வாடா ராசா, ஆரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

அந்தத் தமிழ் அதற்கு விளங்கியது. தானாகவே உள்ளே போய்ச் சுருண்டு படுத்தது.

சற்று முன் விளக்கோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தது. "ராசா" என்று மெல்லக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதுதான் தாமதம், ஓடிப்போய்ப் பெட்டியின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

பெட்டி இப்போது அதற்குப் பிடித்துவிட்டது. நான் வெளியே நிற்கிறபடியால்.